நாலு கம்பி, நாலு வாளி

கீழ்க்கட்டளை
28 மார்ச் 2025

பரிதா,

கவரைப் பார்த்து ஏதோ அரசாங்க நோட்டீஸ் என்று உன் அம்மா பயந்திருந்தால் மன்னிக்கச் சொல். எனக்கு வேறு வழி இல்லை. நீ என் எண்ணை பிளாக் செய்து பதினொரு மாதம் ஆகிறது. ஜோஸ்வின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே என்று நேற்றுதான் தோன்றியது. "அப்பா, ஸ்டாம்ப் எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன். "தபாலாபீஸ்ல கிடைக்கும், பி.இ. முடிச்சவளே" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து மே 17 அன்று இசைக்குழுப் போட்டி நடத்துகின்றன. மொத்தம் ஆறு குழுக்கள். ஜெயிக்கும் குழுவுக்கு ஒரு நல்ல ஸ்டுடியோவில் மூன்று நாள். நம் பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்துவிடலாம். 'லெவல் கிராஸிங்' என்று நம் பழைய பெயரிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நான் கிடாரும் பாட்டும், ஜோஸ்வின் டிரம்ஸ். உனக்குப் பிறகு பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்த உமேஷ் வேலை கிடைத்துப் புனே போய்விட்டான். போகும்போது, "எனக்கு முன்னாடி வாசிச்ச பொண்ணையே கூப்பிடு, அந்தப் பழைய ரெக்கார்டிங்ல அவதான் கரெக்டா இருக்கா" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

போட்டி நடக்கும் இடம் மேற்குத் தாம்பரத்தில் அதே மண்டபம். பெயரை எழுதவில்லை. உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய பேஸ் வேண்டாம். போன வருடம் மேடையில் அது போட்ட "ங்ங்ங்" இன்னும் என் காதில் இருக்கிறது. என் அத்தை பையன் ஷ்யாம்சுந்தரிடம் புதிதாக ஒன்று இருக்கிறது. ஐந்து கம்பி, உள்ளே பேட்டரி எல்லாம் வைத்தது. வாங்கி இரண்டு மாதம் கூட ஆகவில்லை, அதைத் தொடவே அவனுக்குப் பயம். கேட்டால் தருவான்.

வருகிறாயா? பதில் போடு. கவருக்குள் ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு கவர் வைத்திருக்கிறேன்.

ஸ்ம்ருதி


கிழக்குத் தாம்பரம்
4 ஏப்ரல் 2025

ஸ்ம்ருதி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'மன்னிக்க' என்ற சொல் அதில் ஒரே ஒரு முறை வருகிறது. அதுவும் என் அம்மாவிடம்.

போன ஏப்ரலில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். அதே மண்டபத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான விழா. நாம் நாலு பாட்டு வாசிக்க வேண்டும். இரண்டாவது பாட்டு முடிந்ததும் நீ மைக்கில், "அண்ணா, ஹம் வருது, பேஸ் சேனலை கட் பண்ணிடுங்க" என்று சொன்னாய். முன்னூறு பேர் கேட்டார்கள். சிலர் கைதட்டினார்கள். அடுத்த இரண்டு பாட்டையும் நான் முழுவதும் வாசித்தேன். ஓரிடத்திலும் தப்பவில்லை. யாருக்கும் அது கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. விரல் மட்டும் வலித்தது.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். முதலில் மேடை ஏறியவளும் நான்தான். அத்தா கேட்டார், "எப்படிம்மா போச்சு?" நல்லாப் போச்சு என்றேன். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நம் ஒத்திகைப் பாட்டைப் போனில் போட்டுக் கேட்பார், கேட்டுவிட்டு எப்போதும், "இதுல உன் சத்தம் எதும்மா?" என்பார். அடியில் கேட்கிறதே அது என்று நான் சொல்வேன். அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு தலையாட்டுவார். அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது.

பேஸைப் பற்றி எழுதியிருக்கிறாய். அது எப்படி என்னிடம் வந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. முதல் வருடம் படிக்கும்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தையல் மெஷின் கால்களுக்கும் உடைந்த டி.வி.களுக்கும் நடுவில் ஒரு துணி மேல் கிடந்தது. தலைப்பக்கம் இருந்த கம்பெனிப் பெயரை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். எனக்கு எந்தக் கிடாரும் வாசிக்கத் தெரியாது. விற்றவரிடம் விலை கேட்டேன். "ரெண்டு கம்பி பூட்ச்சுமா, அதான் சீப்பா தரேன். நாலு கம்பி நல்லா கீது, ரெண்டு நீ போட்டுக்கோ" என்றார். நானும் நம்பினேன். மறுநாள் குரோம்பேட்டையில் ஒரு கடைக்குப் போய், "இதுக்கு இன்னும் ரெண்டு கம்பி போடணும்" என்று கேட்டேன். கடைக்காரர் பேஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் இன்னொருவரையும் கூட்டி வந்தார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். அது பேஸ் கிடாராம், அதற்கு நாலே கம்பிதானாம். அப்படித்தான் நான் பேஸ் வாசிப்பவள் ஆனேன்.

அது மோசமான பேஸ் இல்லை.

நான் வரவில்லை. ஸ்டாம்ப் ஒட்டிய கவருக்கு நன்றி.

பரிதா


கீழ்க்கட்டளை
9 ஏப்ரல் 2025

பரிதா,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

மன்னித்துவிடு. இது உனக்குத்தான்.

மேடையில் எனக்குப் பயம் வந்தால் யார் மேலாவது எதையாவது போட்டுவிடுவேன். அன்றைக்கு நீ பக்கத்தில் நின்றாய். நீ திருப்பி எதுவும் சொல்லமாட்டாய் என்று தெரிந்துதான் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

இன்னொன்று. உன் கடிதம் வந்த அன்று அந்த விழாவின் வீடியோவைத் தேடி எடுத்தேன். இந்தப் பதினொரு மாதமும் நான் அதைப் பார்த்ததில்லை. ஹெட்போன் போட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டு தொடங்குவதற்கு முன்னால், உன் சேனலை கட் செய்த பிறகு, ஏழு எட்டு வினாடி யாரும் எதையும் வாசிக்கவில்லை. அந்த இடத்தில் "ங்ங்ங்" அப்படியே இருக்கிறது, பரி. கொஞ்சம் சன்னமாக, ஆனால் இருக்கிறது. உன்னை நிறுத்திய பிறகும் நிற்கவில்லை என்றால் அது உன்னுடையதே இல்லை. அதற்குள் கைதட்டல் வந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

ஜோஸ்வினிடம் போட்டுக் காட்டினேன். "அப்போ அது யாரோடது?" என்றான். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலம்பாக்கத்தில் ஜோஸ்வின் வீட்டு மாடி ஷெட்டில் ஒத்திகை. பத்து மணிக்கு. வா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இடத்தை மட்டும் சொல்கிறேன்.

ஸ்ம்ருதி


கிழக்குத் தாம்பரம்
15 ஏப்ரல் 2025

ஸ்ம்ருதி,

கேட்டாயே, எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

இதைச் சொல்லாமல் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தது என் பக்கத்துத் தப்பு. முதல் பாட்டு தொடங்கும் முன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மைக் ஸ்டாண்டை நகர்த்தினேன். விரலில் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அந்தக் கடி எனக்குப் பழக்கமானது. மண்டபத்தில் எர்த் சரியில்லை. எர்த் போய்விட்டால் கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்க இடம் இல்லாமல் ஆம்ப், மைக், கம்பி என்று எதன் மேலாவது ஏறி உட்கார்ந்துகொண்டு முனகும். பேஸ் மாதிரி அடிச்சத்தம் போடும் வாத்தியத்தில் அது முதலில் தெரியும், அவ்வளவுதான். கெடுதல் தரையில் இருந்தது, என் கையில் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்பார்கள். நான் படித்தது பி.சி.ஏ. எனக்குத் தெரிந்தது அத்தாவால்தான். நீங்கள் எல்லாரும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, "எலக்ட்ரிக்கல் லைன்ல இருக்கார்" என்றேன். நீ ஏதோ கம்பெனி என்று நினைத்துக்கொண்டாய், நானும் திருத்தவில்லை. அவர் வயர்மேன், ஸ்ம்ருதி. சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் வரை பாதி வீடுகளுக்கு அவர்தான் ஒயர் இழுத்தவர். சின்ன வயதில் லீவு நாட்களில் அவர் சைக்கிள் கேரியரில் உப்பு மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போவேன். எர்த் குழியில் கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கோடையில் குழி காய்ந்துவிட்டால் எர்த் செத்துப்போகும். வீடு கட்டுகிறவர்கள் குழி போடுவார்கள், பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள்.

இவ்வளவையும் ஒரு மைக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரிக்கு வெட்கப்பட்டேன். பிறகு அத்தாவைப் பார்த்து வெட்கப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். எளிதாக இருந்தது உன்மேல் கோபப்படுவது மட்டும்தான்.

இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறேன். சாயங்காலம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தினமும் வாசிக்கிறேன். பதினொரு மாதமும் ஒருநாள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கம் வருகிறேன். ஒத்திகைக்கு மட்டும்.

பரிதா


கீழ்க்கட்டளை
28 ஏப்ரல் 2025

பரி,

இரண்டு ஒத்திகையில் நீ பேசியது மொத்தம் ஏழு வார்த்தை. ஜோஸ்வின் எண்ணியிருக்கிறான். அதில் இரண்டு "தண்ணி இருக்கா". ஆனால் பேஸில் பேசினாயே அதற்கு என்ன கணக்கு சொல்ல? முதல் பாட்டின் நடுவில் நான் வார்த்தை மறந்து நின்றபோது நீ அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து என்னைப் பிடித்து உள்ளே இழுத்தாய். உமேஷாக இருந்தால் அடுத்த பகுதிக்குப் போயிருப்பான். நான் ஒருத்தியே மலையிலிருந்து குதித்த மாதிரி பாடியிருப்பேன்.

நீ போன பிறகு ஜோஸ்வின், "அக்கா, அவங்க வாசிக்கும்போது என் கிக் டிரம் பெருசான மாதிரி கீது" என்றான். கோவிலம்பாக்கத்துப் பையன் வாயிலிருந்து பாராட்டு வருவதே அபூர்வம்.

எனவே ஒன்று முடிவு செய்திருக்கிறேன். பாட்டின் தொடக்கத்தில் என் கிடார் வேண்டாம். முதல் நாலு சுற்று நீ மட்டும். வேறு யாரும் இல்லை. மண்டபம் முழுவதும் உன் சத்தம் மட்டும். பிறகு ஜோஸ்வின், அதற்குப் பிறகு நான்.

அதனால்தான் மறுபடி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பேஸ் மோசம் இல்லை, ஒத்துக்கொண்டேன். ஆனால் நீ மட்டும் தனியாக நிற்கும் அந்த நாலு சுற்றில் ஒரு துளி முனகல் இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கும். ஷ்யாம்சுந்தரின் பேஸ் அந்த விஷயத்தில் படு சுத்தம். அவனே புதன்கிழமை கொண்டு வந்து உன் வீட்டில் தருகிறான். பையை வெயிலில் வைக்க வேண்டாமாம், மூன்று முறை சொன்னான். ஒரு வாரம் வாசித்துப் பார். தீர்ப்பு உன்னுடையது.

ஒத்திகையில் வாராவாரம் பார்க்கிறோம், ஏன் இன்னும் கடிதம் என்று அம்மா கேட்கிறாள். கடிதத்தில்தான் நீ பேசுகிறாய் என்றேன். போனில் நான் உன்னைப் பேசவிட்டதே இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

ஸ்ம்ருதி


கிழக்குத் தாம்பரம்
7 மே 2025

ஸ்ம்ருதி,

ஷ்யாம்சுந்தர் வந்தார். பேஸைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று மூன்று முறை திரும்பிப் பார்த்தார். அம்மா ரோஸ்மில்க் கொடுத்து அனுப்பினாள்.

ஐந்து நாள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். புதியது அழகாக இருக்கிறது. கழுத்து வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கே தொட்டாலும் ஒரே அளவில் சத்தம் வருகிறது. பேட்டரியில் ஓடுவதால் பளிச்சென்று, ஸ்டீல் டம்ளரைத் தட்டிய மாதிரி இருக்கிறது. ஐந்தாவது கம்பி மிகவும் கீழே போகிறது. ஒரு பாட்டுக்குக் கூட நமக்கு அது தேவைப்படவில்லை. அந்தக் கம்பி மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வேலை இல்லாதவரைச் சமாதானம் செய்வது போல அதை அமைதியாக வைத்திருப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

என்னுடையதில் இரண்டே நாப். ஒன்று வால்யூம், ஒன்று டோன். டோன் நாபைப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன், அதன் மேல் கை போவதே இல்லை. கம்பிகள் பழசாகி மினுமினுப்பு போய்விட்டது. கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் அவற்றுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிச் செருகியிருக்கிறேன். நீ கவனித்திருக்கமாட்டாய், பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். அதை வைத்ததும் சத்தம் நீளாமல் 'தும்' என்று விழுந்து அங்கேயே உட்காருகிறது. புதிய பேஸ் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. என்னுடையது மற்ற எல்லாவற்றுக்கும் கீழே கேட்கிறது. நீ பாடுவதற்கு மேலே நான் எதற்கு?

அம்மாவைச் சுவரில் முதுகை வைத்து உட்காரச் சொல்லி இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "இது காதுல வருது, அது முதுகுல வருது" என்றாள். எனக்கு முதுகுதான் வேண்டும்.

ஆகவே முடிவு இது. மே 17 அன்று என் பேஸோடு வருவேன். அந்தச் சத்தம் மறுபடி வந்தால் மைக்கில் சொல்லாதே. என்னைப் பார், போதும். நானே ஒயரைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுகிறேன். அதற்குப் பிறகு பேஸைத் தொடவும் மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. இரண்டாவது முறையும் என் சத்தத்தை நிறுத்திவிட்டு வாசிக்க என்னால் முடியாது.

அத்தா வருகிறார். ஆறு மணிக்கு மேல், வேலை முடிந்து.

நான் மூன்று மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிடுவேன். ஏன் என்று இப்போது கேட்காதே.

பரிதா


(அஞ்சலட்டை)

11 மே

பரி, அப்படியே கொண்டு வா. ஸ்பாஞ்சையும் சேர்த்து. நானும் மூன்று மணிக்கு வருகிறேன், ஏன் என்று கேட்கவில்லை. அஞ்சலட்டை இன்னும் விற்கிறார்கள், தெரியுமா? தபால்காரர் இதைப் படித்துவிடுவார். அண்ணா, சனிக்கிழமை சாயங்காலம் நீங்களும் வாங்க.

ஸ்ம்ருதி


கீழ்க்கட்டளை
18 மே 2025

பரி,

நீயும் அங்கேதான் இருந்தாய், தெரியும். ஆனால் பாதி நேரம் குனிந்தே இருந்தாய். அதனால் நிமிர்ந்து நின்றவள் என்ன பார்த்தாள் என்று எழுதுகிறேன். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

கத்திரி வெயில். மூன்றேகாலுக்கு நாம் மேடையில். நீ ஒயரைச் செருகினாய். "ங்ங்ங்". அதே முனகல், அதே இடம். நான் உன்னைப் பார்க்கக் கூடாது என்று கர்ட்டனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சவுண்ட் சர்வீஸ் ஜீவரத்தினம் அண்ணன் கீழே இருந்து கத்தினார்:

"இன்னாமா, கிடாரு பேஜார் பண்ணுது. கழட்டிட்டு வேற ஒண்ணு எடுத்துகினு வா."

நீ ஒயரைக் கையில் தூக்கிக் காட்டினாய். "கழட்டிட்டேண்ணா. இன்னும் கேக்குதா பாருங்க."

அவர் பார்த்தார். கேட்டது. "அப்ப இன்னாத்துக்கு சத்தம் கீது?"

"எர்த் இல்லண்ணா. யாரும் மைக்கைத் தொடாதீங்க."

நீ இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு பேஸ் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாய். டியூனர் எடுக்கிறாய் என்று நினைத்தேன். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பும் அதிலிருந்து தொங்கும் இரண்டு ஒயரும் வந்தன. பின்னால் மெயின் போர்டுக்குப் போய்ப் பிளக் பாயிண்டில் வைத்தாய். முதலில் பளீரென்று எரிந்தது. ஒரு ஒயரை எர்த்துக்கு மாற்றினாய்; எர்த் நன்றாக இருந்தால் அதே மாதிரி எரிய வேண்டுமாம். பீடி நுனி மாதிரி ஒரு சிவப்பு, அவ்வளவுதான். ஜீவரத்தினம் அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். அதற்குப் பிறகு அவர் உன்னை "இன்னாமா" என்று கூப்பிடவில்லை, "மேடம்" என்றார்.

மேனேஜர் அனந்தகிருஷ்ணன் ஓடி வந்தது அப்போதுதான். "யாரும்மா நீ? போர்டுல கை வெக்க யார் பர்மிஷன் குடுத்தா?" நம்மோடு சேர்த்து மூன்று குழுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்:

"வயர்மேன் காஜா பொண்ணு சார்."

ஏதோ கலெக்டர் பொண்ணு என்று சொன்ன மாதிரி சொன்னாய். அவர் நிஜமாகவே ஓர் அடி பின்னால் போனார், கவனித்தாயா? "சேலையூர் காஜாவா? எங்க வீட்டுக்கு அவர்தானே..." என்று முனகிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார்.

எர்த்துக்காகச் சுவரில் இறங்கிய இரும்புப் பட்டையைப் பின்பற்றிக்கொண்டு நீ முன்னால் போக, நாங்கள் எல்லாரும் வரிசையாகப் பின்னால் வந்தோம். பந்தி இலை போடும் டிரம்முக்கு அடியில் இருந்தது அந்தக் குழி. டிரம்மை நகர்த்தி மூடியைத் திறந்தால் பேப்பர் கப், வெற்றிலைக் காம்பு, உள்ளே எலும்பு மாதிரி காய்ந்த மண். மறுநாள் கல்யாணத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் பட்டுவிடம் போய்க் கல்லுப்பு கேட்டாய். "குழிக்கு உப்பா? நேத்து என் ரசத்துல உப்பில்லன்னு ஒருத்தர் எழுந்தே போயிட்டார், அவருக்கே நான் போடல" என்றபடி ஒரு படி அள்ளிக் கொடுத்தார்.

முதல் வாளி நீ ஊற்றினாய். இரண்டாவது நான். உள்ளே ஜன்னல் பக்கம் பல்பைப் பிடித்துக்கொண்டு ஜீவரத்தினம் அண்ணன். "ஒண்ணும் இல்ல மேடம்... அப்டியேதான் கீது..." மூன்றாவது வாளியை நமக்கு எதிராகப் போட்டியிடும் குழுவின் டிரம்மர் தூக்கி வந்தான், பாவம். "இரு இரு, மஞ்சளா வருது..." நாலாவதை நீ மெதுவாக, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல ஊற்றினாய். ஜன்னல் வழியாக வெளிச்சம் மட்டும் வந்து உன் ஈரக் கை மேல் விழுந்தது.

மேடைக்குத் திரும்பி எல்லா ஸ்பீக்கரையும் போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி மட்டும் கேட்டது. ஜோஸ்வின், "செத்துடுச்சா?" என்றான். இல்லை, பிழைத்துக்கொண்டது என்றாய்.

யோசித்தால் சிரிப்பு வருகிறது. நாம் சரிசெய்த எர்த்தில் ஆறு குழுக்களும் சுத்தமாக வாசித்தன. ஆறையும் சுத்தமாக வைத்துவிட்டு அதில் முதலாவதாக வந்திருக்கிறோம். கோப்பை என் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. இந்த வாரம் உன் முறை, வந்து எடுத்துப் போ. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இதுல பேஸ் யாரு?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அவங்க அப்பா நம்பர் இருந்தா குடு, நம்ம பிளாட் எர்த்தையும் பாக்கணும்" என்கிறார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த முதல் நாலு சுற்றுக்கு முன்னால் நீ என் மைக் பக்கம் வந்தாயே, உனக்குப் பயமாக இல்லையா?

ஸ்ம்ருதி


கிழக்குத் தாம்பரம்
22 மே 2025

ஸ்ம்ருதி,

பயமாக இருந்தது. புடவைக் கொசுவத்தை மூன்று முறை சரிசெய்தேன், அது நழுவவே இல்லை.

விளக்கு அணைந்து திரை விலகியதும் கீழே இருட்டாக இருந்தது. கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் வெளிவாசல் வெளிச்சத்தில் தெரிந்தன. அதில் ஒன்றில் அத்தா. வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்தார், பாக்கெட்டில் டெஸ்டர் கூட இருந்தது. நான் கம்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் போகாது என்று தோன்றியது. போன வருடம் ஒரு வரி சொல்லவில்லை, இந்த வருடமும் சொல்லாமல் இருந்தால் குழிக்குத் தண்ணீர் ஊற்றியது வீண். அதனால்தான் உன் மைக்குக்கு வந்தேன்.

"அண்ணா, பேஸ் இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."

என் குரல் மண்டபம் முழுவதும் போய்த் திரும்பி வந்ததை நான் முதல் முறையாகக் கேட்டேன். ஜீவரத்தினம் அண்ணன் கட்டைவிரலை உயர்த்தினார். நீ கர்ட்டனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

இதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. நம் வீடுகளில் ஓடும் கரண்டுக்கு ஒரு சுருதி உண்டு. அது எப்போதும் ஒரே இடத்தில்தான் முனகும். என் பேஸில் மிகத் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டம், அதற்கு ஒரு மயிரிழை மேலே. பதினொரு மாதம் அந்த இடத்தைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் வாசிக்கும்போது கூட விரல் அதைத் தாண்டிப் போகும். நம் பாட்டு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நீ சொன்னபோது ஒத்திகையில் நான் பேசாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றைக்கு அந்த இடம் காலியாக இருந்தது. முனகல் இல்லை, அமைதி மட்டும். அதில் விரலை வைத்து அழுத்தினேன். அது மேடைப் பலகை வழியாக என் செருப்பில்லாத காலுக்குத் திரும்பி வந்தது. நாலு சுற்றும் நான் எண்ணவே இல்லை. ஜோஸ்வின் எப்போது சேர்ந்தான், நீ எப்போது பாடினாய் என்று உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் எங்கே கால் வைத்தாலும் நீங்கள் இருவரும் அதன் மேல் நின்றீர்கள்.

ஷ்யாம்சுந்தரிடம் அவர் பேஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுபடி ரோஸ்மில்க். என் பேஸின் தலைப்பக்கத்தில் பெயர் சுரண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார். ஸ்டுடியோவுக்குப் போகும் முன் அங்கே ஏதாவது எழுதலாமா என்று யோசிக்கிறேன். 'காஜா எலக்ட்ரிக்கல்ஸ்' என்று அத்தாவின் ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. அளவு சரியாக இருக்கிறது.

உன் எண்ணை பிளாக்கிலிருந்து இன்று காலை எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, எழுது. போனில் நீதான் பேசுவாய்.

போட்டி முடிந்து நான் பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அத்தா வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். எப்படி இருந்தது என்று நானாகக் கேட்கவில்லை. என் சத்தம் எது என்று அவரும் கேட்கவில்லை. செங்கல்பட்டு பஸ் ஒன்று போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"நாற்காலிக் கைப்பிடியில வந்துச்சும்மா. பக்கத்துல இருந்தவர் கையையும் எடுத்து வெச்சுக் காட்டினேன். இதான் எம் பொண்ணுன்னு."

பரிதா